ஹேக்கிலிருந்து வாரண்ட் வந்தால் யார் போய் கைது செய்வது?

ஒரு நாட்டின் தலைவர்மீது சர்வதேச நீதிமன்றம் கைது வாரண்ட் பிறப்பித்துவிட்டது என்று செய்தி வருகிறது. சில மாதம் கழித்து அதே தலைவர் வேறொரு நாட்டில் ராணுவ அணிவகுப்பு மரியாதை ஏற்றுக்கொள்ளும் படம் வருகிறது. படிப்பவருக்குத் தலை சுற்றுவது நியாயம்தான். அந்த வாரண்ட் நிஜமா, சும்மாவா? நிஜமென்றால் ஏன் யாரும் கைவைக்கவில்லை? சும்மா என்றால் அமெரிக்கா எதற்காக அந்த நீதிபதிகள்மீது பொருளாதாரத் தடை போடும் அளவுக்குக் கோபப்படுகிறது?

இதைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு சொல்லைக் கையில் பிடித்துக்கொண்டால் போதும்: ஒப்புதல். எந்த நாடு, எதற்கு, எந்தத் தேதியில் ஒப்புக்கொண்டது என்ற கேள்வி சர்வதேசச் சட்டத்தின் பாதிச் சண்டைகளுக்கு அடியில் இருக்கிறது. மீதிப் பாதி, ஒப்புக்கொண்ட நாடு சொன்னதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பது.

## ஒரே ஊர், இரண்டு நீதிமன்றங்கள்

முதல் குழப்பமே பெயரில் இருக்கிறது. நெதர்லாந்தின் ஹேக் நகரில் இரண்டு தனித்தனி நீதிமன்றங்கள் இருக்கின்றன. செய்திகளில் இரண்டையும் "சர்வதேச நீதிமன்றம்" என்றே எழுதிவிடுகிறார்கள்.

1. சர்வதேச நீதிமன்றம், சுருக்கமாக ஐசிஜே. 1945இல் ஐ.நா. சாசனத்தால் உருவாக்கப்பட்டது, ஐ.நா.வின் அங்கம், 15 நீதிபதிகள். இங்கே வாதியும் நாடு, பிரதிவாதியும் நாடு. தனிமனிதர் யாரையும் இது விசாரிக்காது, யாரையும் சிறைக்கு அனுப்பாது, வாரண்ட் என்ற பேச்சே இங்கே கிடையாது.

2. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம், ஐசிசி. (கிரிக்கெட்காரர்களின் ஐசிசி வேறு, அதனாலேயே சமூக ஊடகங்களில் சில வேடிக்கைகள் நடக்கும்.) 1998இல் ஏற்கப்பட்ட ரோம் சாசனம் இதன் அடிப்படை, 2002 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. இது ஐ.நா.வின் அங்கம் இல்லை. தனிமனிதர்களை மட்டும் விசாரிக்கும், அதுவும் நான்கே குற்றங்களுக்கு: இனப்படுகொலை, மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்கள், போர்க்குற்றங்கள், ஆக்கிரமிப்புக் குற்றம். 2025 ஜனவரி 1 அன்று உக்ரைன் சேர்ந்தபோது உறுப்பு நாடுகளின் எண்ணிக்கை 125 ஆனது. அமெரிக்கா, ரஷ்யா, சீனா, இந்தியா, இலங்கை, இஸ்ரேல் யாரும் இதில் இல்லை.

ஆகவே தென்னாப்பிரிக்கா இஸ்ரேல்மீது போட்ட இனப்படுகொலை வழக்கு ஐசிஜேயில் நடக்கிறது. நெதன்யாகு மீதான வாரண்ட் ஐசிசி கொடுத்தது. ஒரே போரிலிருந்து கிளம்பினாலும் இரண்டும் வேறு வழக்குகள், வேறு சட்டம், வேறு நீதிபதிகள். ஒன்றில் வரும் முடிவு மற்றதைக் கட்டுப்படுத்தாது.

## பெரிய கேள்வியை நேராகக் கேட்க முடியாத நீதிமன்றம்

ஒரு நாடு ஐசிஜேயில் பதில் சொல்ல வேண்டுமென்றால் அது ஏதாவது ஒரு வகையில் முன்பே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். வழிகள் மூன்று:

1. இரண்டு நாடுகளும் பேசி, குறிப்பிட்ட ஒரு தகராறை நீதிமன்றத்திடம் கொண்டுபோவது. எல்லைத் தகராறுகள் பல இப்படி வந்தவை.
2. "என்மீது யார் வழக்குப் போட்டாலும் வருகிறேன்" என்று பொதுவாக அறிவித்து வைப்பது. இதிலும் ஆளாளுக்கு ஆயிரம் நிபந்தனைகள்.
3. இரு நாடுகளும் கையெழுத்திட்ட ஏதாவது ஒரு உடன்படிக்கையில், தகராறு வந்தால் ஐசிஜேக்குப் போகலாம் என்று ஒரு பிரிவு இருப்பது.

மூன்றாவது வழியில்தான் இப்போது தலைப்புச் செய்தியாகும் வழக்குகள் பெரும்பாலும் வருகின்றன. 1948ஆம் ஆண்டின் இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கையின் 9ஆம் பிரிவு அப்படிப்பட்ட கதவு. ஏன் எல்லா வழக்கும் "இனப்படுகொலை" என்ற சொல்லோடு வருகிறது என்று வியப்பவர்களுக்கு விடை இதில் இருக்கிறது: பல சமயங்களில் திறந்திருப்பது அந்தக் கதவு ஒன்றுதான்.

இதனால் வரும் விசித்திரத்தை உக்ரைன் வழக்கில் பார்க்கலாம். 2022 பிப்ரவரியில் ரஷ்யா படையெடுத்தது. ஒரு நாடு இன்னொன்றின்மீது படை எடுத்தது சட்டவிரோதமா என்பதுதான் இயல்பான கேள்வி. அந்தக் கேள்வியை உக்ரைனால் நேராகக் கேட்க முடியவில்லை, ஏனென்றால் அந்த விஷயத்தில் ஐசிஜேயின் அதிகாரத்துக்கு ரஷ்யா ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் உக்ரைன் தரப்பு வக்கீல்கள் சுற்றுவழி பிடித்தார்கள்: கிழக்குப் பகுதியான டான்பாஸில் உக்ரைன் இனப்படுகொலை செய்கிறது என்று சொல்லித்தானே ரஷ்யா உள்ளே வந்தது, அந்தக் குற்றச்சாட்டு பொய், பொய்யான குற்றச்சாட்டை வைத்துப் படை எடுப்பது இனப்படுகொலை உடன்படிக்கையையே மீறுவதாகும் என்றார்கள். 2022 மார்ச் 16 அன்று நீதிமன்றம் 13க்கு 2 என்ற கணக்கில், ராணுவ நடவடிக்கையை நிறுத்தும்படி ரஷ்யாவுக்கு உத்தரவிட்டது. ரஷ்யா நிறுத்தவில்லை. 2024 பிப்ரவரியில் அதே நீதிமன்றம், படையெடுப்பு இந்த உடன்படிக்கையை மீறியதா என்பதை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் இல்லை, உக்ரைன் உண்மையில் இனப்படுகொலை செய்ததா இல்லையா என்பதை மட்டும்தான் பார்ப்பேன் என்றது. படையெடுக்கப்பட்ட நாடு தன் குற்றமின்மையை நிரூபிக்கும் வழக்காக அது சுருங்கிப்போனது. வெளியிலிருந்து பார்க்க அபத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒப்புதல் என்ற விதியை எடுத்துக்கொண்டு நடந்தால் வேறெங்கும் போய்ச் சேர முடியாது.

இன்னொரு பக்கம், அதே உடன்படிக்கை நினைத்துப் பார்க்காத ஒரு வாசலையும் திறந்தது. ரோஹிங்யா மக்களுக்கு நடந்ததற்காக மியான்மர்மீது 2019இல் வழக்குப் போட்டது மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியா. அந்தச் சின்ன நாட்டுக்கும் மியான்மருக்கும் என்ன வாய்க்கால் தகராறு என்று கேட்டால், எதுவும் இல்லை. இனப்படுகொலை நடக்காமல் பார்த்துக்கொள்வது உடன்படிக்கையில் சேர்ந்த எல்லா நாடுகளுக்கும் பொதுவான அக்கறை, அதனால் நேரடியாகப் பாதிக்கப்படாத நாடும் வழக்குப் போடலாம் என்று 2022 ஜூலையில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. தென்னாப்பிரிக்கா 2023 டிசம்பர் 29 அன்று இஸ்ரேல்மீது வழக்குப் போட்டது இந்தத் தடத்தில்தான்.

## "இடைக்கால உத்தரவு" தீர்ப்பு ஆகாது

2024 ஜனவரி 26 அன்று வந்த உத்தரவை "இஸ்ரேல் இனப்படுகொலை செய்கிறது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது" என்று ஒரு தரப்பும், "வழக்கில் ஒன்றுமில்லை" என்று இன்னொரு தரப்பும் பரப்பின. இரண்டும் தவறு.

இடைக்கால நடவடிக்கை என்பது வழக்கு முடியும்வரை நிலைமை கைமீறிப் போகாமல் காக்கும் உத்தரவு. அதற்கு நீதிமன்றம் பார்ப்பது மேலோட்டமான சில விஷயங்களை: தனக்கு அதிகாரம் இருப்பதாகத் தெரிகிறதா, வழக்குப் போட்ட நாடு காக்கச் சொல்லும் உரிமைகள் சட்டப்படி நம்பத்தக்கவையா, தாமதித்தால் திருத்த முடியாத சேதம் வருமா. இங்கே "நம்பத்தக்கது" என்று சொல்லப்பட்டது காசாவிலுள்ள பாலஸ்தீனர்களுக்கு இனப்படுகொலையிலிருந்து பாதுகாக்கப்படும் உரிமை பற்றி. இனப்படுகொலை நடக்கிறது என்பதே நம்பத்தக்கது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. அப்போது தலைமை நீதிபதியாக இருந்த ஜோன் டோனஹ்யூ பிறகு ஒரு பேட்டியில் இதை எடுத்துச் சொல்ல வேண்டிவந்தது. அதே சமயம் உத்தரவு வெறும் அறிவுரையும் இல்லை. இடைக்கால உத்தரவுகள் சட்டப்படி கட்டுப்படுத்தும் என்று 2001இல் ஜெர்மனிக்கும் அமெரிக்காவுக்கும் நடந்த லாகிராண்ட் வழக்கிலேயே முடிவானது.

இறுதித் தீர்ப்புக்கு எவ்வளவு காலம் ஆகும்? செர்பியா தரப்புமீது போஸ்னியா 1993இல் போட்ட வழக்குக்கு 2007இல் தீர்ப்பு வந்தது. போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் நடந்தது இனப்படுகொலை, அதைத் தடுக்க செர்பியா தவறியது, ஆனால் செர்பிய அரசே அதைச் செய்தது என்று நிரூபணமாகவில்லை என்றது அந்தத் தீர்ப்பு. அழிக்கும் நோக்கம் இருந்தது என்பதை நிரூபிப்பது அவ்வளவு கடினம். இப்போது நடக்கும் வழக்குகளின் முடிவை முன்கூட்டியே அடித்துச் சொல்பவர்கள் அந்தத் தீர்ப்பை ஒருமுறை படித்துவிட்டு வரலாம்.

தீர்ப்பை ஒரு நாடு மதிக்காவிட்டால்? ஐ.நா. சாசனத்தின் 94ஆம் பிரிவுப்படி பாதுகாப்பு கவுன்சிலுக்குப் போகலாம். அங்கே வீட்டோ. நிகரகுவாவுக்கு எதிரான தன் நடவடிக்கைகள் சட்டவிரோதம் என்று 1986இல் தீர்ப்பு வந்தபோது, அதை அமல்படுத்தக் கோரும் தீர்மானத்தை அமெரிக்காவே வீட்டோ செய்தது. கதை அவ்வளவுதான்.

ஆனால் கட்டுப்படுத்தும் உத்தரவு வீணாவதும், கட்டுப்படுத்தாத கருத்து வேலை செய்வதும் உண்டு. இந்தியப் பெருங்கடலில் உள்ள சாகோஸ் தீவுகளைப் பிரிட்டன் தன் நிர்வாகத்தில் வைத்திருப்பது சட்டவிரோதம் என்று 2019இல் ஐசிஜே சொன்னது வெறும் ஆலோசனைக் கருத்து, பிரிட்டன் முதலில் அதை ஒதுக்கித் தள்ளியது. அதற்குப் பிறகு ஐ.நா. பொதுச்சபையில் வாக்கெடுப்பு, கடல்சார் தீர்ப்பாயத்தில் அதை ஒட்டிய முடிவு என்று அழுத்தம் சேர்ந்துகொண்டே போய், 2025 மே 22 அன்று தீவுகளின் இறையாண்மையை மொரீஷியசுக்குக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் பிரிட்டன் கையெழுத்திட்டது. 2025 ஜூலை 23 அன்று காலநிலை மாற்றம் குறித்து ஐசிஜே ஒருமனதாகச் சொன்னதும் ஆலோசனைக் கருத்துதான். பசிபிக் தீவுகளின் சட்ட மாணவர்கள் தொடங்கி, வனுவாட்டு அரசு கையில் எடுத்துப் பொதுச்சபை வரை கொண்டுபோன கேள்வி அது. அதன் பலன் உள்நாட்டு நீதிமன்றங்களில் வக்கீல்கள் அதை மேற்கோள் காட்டும்போது தெரியும்.

## உறுப்பினரே இல்லாத நாட்டின் தலைவர்மீது எப்படி வாரண்ட்?

இனி ஐசிசி. "ரஷ்யா உறுப்பினர் இல்லை, இஸ்ரேல் உறுப்பினர் இல்லை, அப்புறம் எப்படி?" என்பது அடிக்கடி வரும் கேள்வி. ஐசிசியின் அதிகாரம் மூன்று வழிகளில் வருகிறது:

1. குற்றம் செய்தவர் உறுப்பு நாட்டின் குடிமகன்.
2. குற்றம் நடந்த மண் உறுப்பு நாட்டினுடையது, அல்லது தன் மண்ணில் நடந்ததை விசாரிக்கலாம் என்று அந்த நாடு தனியாக ஒப்புக்கொடுத்திருக்கிறது.
3. பாதுகாப்பு கவுன்சில் விஷயத்தை அனுப்பிவைக்கிறது. 2005இல் சூடானின் டார்ஃபூர், 2011இல் லிபியா இப்படி வந்தன. 2014இல் சிரியாவை அனுப்பும் தீர்மானத்தை ரஷ்யாவும் சீனாவும் வீட்டோ செய்தன.

புதின், நெதன்யாகு இரண்டு வாரண்டுகளும் இரண்டாவது வழியில் வந்தவை. உக்ரைன் உறுப்பினராகும் முன்பே தன் மண்ணில் நடப்பதை விசாரிக்கலாம் என்று ஒப்புக்கொடுத்திருந்தது. குழந்தைகளைச் சட்டவிரோதமாக ரஷ்யாவுக்குக் கொண்டுபோனதாக 2023 மார்ச் 17 அன்று புதின்மீதும், மரியா லவோவா-பெலோவா என்ற அதிகாரிமீதும் வாரண்ட் வந்தது. பாலஸ்தீனம் 2015 முதல் உறுப்பினர். காசா அதன் மண் என்ற அடிப்படையில் 2024 நவம்பர் 21 அன்று நெதன்யாகு, முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் கலான்ட் மீதும், ஹமாஸ் தளபதி முகமது தெய்ஃப் மீதும் வாரண்டுகள் வந்தன. தெய்ஃப் இறந்தது உறுதியானதும் அவருடையது முடித்துவைக்கப்பட்டது.

இந்த மண் சார்ந்த அதிகாரம் எவ்வளவு தூரம் நீளும் என்பதற்கு மியான்மர் நல்ல உதாரணம். மியான்மர் உறுப்பினர் இல்லை, வன்முறை நடந்தது அதன் மண்ணில். ஆனால் மக்களைத் துரத்துவது என்ற குற்றம், அவர்கள் எல்லையைத் தாண்டி வங்கதேசத்தில் கால் வைக்கும்போதுதான் முழுமையாகிறது, வங்கதேசம் உறுப்பினர், ஆகவே குற்றத்தின் ஒரு பகுதி உறுப்பு நாட்டின் மண்ணில் நடந்திருக்கிறது என்று 2018இல் நீதிபதிகள் முடிவு செய்தார்கள். கெட்டிக்காரத்தனமான வாதம், எனக்கு அது சரியாகவும் படுகிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் நின்று சுட்டு அந்தப் பக்கம் இருப்பவரைக் கொன்றால் இரண்டு நாட்டுச் சட்டமும் கேள்வி கேட்கும், அதே தர்க்கம்தான்.

எதிர்வாதமும் எளிது: நாங்கள் கையெழுத்தே போடாத ஒரு ஒப்பந்தம் எங்கள் குடிமக்களை எப்படிக் கட்டும் என்கிறது அமெரிக்கா. ஆனால் வேறொரு நாட்டுக்குப் போய் அங்கே குற்றம் செய்பவரை அந்த நாடு தன் சட்டப்படி விசாரிக்க, அவருடைய சொந்த நாட்டின் சம்மதம் யாருக்கும் தேவைப்பட்டதில்லை. அந்த அதிகாரத்தை அந்த நாடு ஹேக்கிடம் ஒப்படைக்கிறது என்பது ஐசிசி தரப்பின் பதில். இதில் சங்கடம் என்னவென்றால், புதின் வாரண்டுக்கும் நெதன்யாகு வாரண்டுக்கும் அதிகாரத் தர்க்கம் அச்சு அசலாக ஒன்றுதான், முதலாவதை வரவேற்றுவிட்டு இரண்டாவதைச் சட்டவிரோதம் என்றது வாஷிங்டன்.

## பதவியில் இருக்கும் தலைவரைத் தொடலாமா?

இந்த இடம்தான் சட்டக்காரர்களே இன்னும் அடித்துக்கொள்ளும் இடம், கொஞ்சம் பொறுமை தேவை.

விலக்குரிமை என்பது ஒரு நாட்டின் தலைவரையோ அதிகாரியையோ இன்னொரு நாட்டின் நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்ற பழைய விதி. அதில் இரண்டு வகை. ஒன்று நாற்காலிக்கு உரியது: அதிபர், பிரதமர், வெளியுறவு அமைச்சர் பதவியில் இருக்கும்வரை எதற்காகவும் தொட முடியாது, பதவி போனால் இதுவும் போய்விடும். மற்றது செயலுக்கு உரியது: அரசின் சார்பில் செய்த வேலைக்கு, பதவி போன பிறகும் கேள்வி கேட்க முடியாது. சித்திரவதை, இனப்படுகொலை போன்றவற்றை "அரசு வேலை" என்று சொல்லித் தப்பலாமா என்பதே இரண்டாவது வகையில் உள்ள சண்டை. சிலியின் பினோசே 1998இல் லண்டனில் கைதானபோது, முன்னாள் தலைவருக்குச் சித்திரவதை வழக்கில் இந்தப் பாதுகாப்பு இல்லை என்று பிரிட்டனின் உச்ச அமர்வு முடிவு செய்தது (கடைசியில் உடல்நிலை காரணம் சொல்லி 2000இல் அவரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள் என்பது வேறு விஷயம்).

முதல் வகை இன்னும் உறுதியாக நிற்கிறது. காங்கோவின் வெளியுறவு அமைச்சர்மீது பெல்ஜியம் போட்ட வாரண்டை ரத்து செய்யச் சொல்லி 2002இல் ஐசிஜே தீர்ப்பளித்தது. 2025 ஜூலையில் பிரான்சின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், சிரியாவின் அசாத் பதவியில் இருந்தபோது அவர்மீது பிறப்பிக்கப்பட்ட வாரண்டை இதே காரணத்தால் ரத்து செய்தது. அவர் 2024 டிசம்பரில் பதவி இழந்துவிட்டதால் புதிதாகப் போடலாம், பழையது மட்டும் செல்லாது.

இதெல்லாம் ஒரு நாடு இன்னொரு நாட்டின் தலைவரை விசாரிக்கும் விஷயம். சர்வதேச நீதிமன்றம் விசாரித்தால்? ரோம் சாசனத்தின் 27ஆம் பிரிவு, எந்தப் பதவியில் இருந்தாலும் விலக்கு இல்லை என்கிறது. உறுப்பு நாடுகளின் தலைவர்களைப் பொறுத்தவரை இதில் சிக்கலே கிடையாது, அவர்கள் நாடே ஒப்புக்கொண்டு கொடுத்தது. ஆனால் 98ஆம் பிரிவு, மூன்றாவது நாட்டின் தலைவருக்கு இருக்கும் விலக்குரிமையை மீறும்படி ஒரு உறுப்பு நாட்டை ஐசிசி கேட்கக்கூடாது என்கிறது. புதின் மங்கோலியாவில் இறங்கும்போது எது பொருந்தும்? 27ஆ, 98ஆ?

ஐசிசி வாரண்ட் இருந்த சூடான் அதிபர் அல்-பஷீர் ஜோர்டானுக்குப் போன விவகாரத்தில் ஐசிசியின் மேல்முறையீட்டு அமர்வு 2019 மே மாதம் ஒரு விடை சொன்னது. சர்வதேச நீதிமன்றங்களின் முன்னால் அரசுத் தலைவருக்கு விலக்குரிமை என்று வழக்காற்றுச் சட்டத்தில் (நாடுகள் காலங்காலமாகப் பின்பற்றி வருவதால் சட்டமானவை) எப்போதும் இருந்ததே இல்லை, ஆகவே 98ஆம் பிரிவு காப்பாற்ற அங்கே எதுவுமே இல்லை என்பது அந்த விடை. நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பர்க் காலத்திலிருந்து அடுக்கப்படும் முன்னுதாரணங்கள் இதற்குத் துணை: 1999இல் யுகோஸ்லாவியாவின் மிலோசெவிச்மீது பதவியில் இருக்கும்போதே குற்றப்பத்திரிகை போட்டார்கள்.

எனக்கு இந்த முன்னுதாரணம் பாதிதான் பொருந்துவதாகத் தோன்றுகிறது. மிலோசெவிச் வழக்கின் தீர்ப்பாயத்தைப் பாதுகாப்பு கவுன்சில் அமைத்தது, ஐ.நா. உறுப்பு நாடுகள் எல்லாவற்றையும் அது கட்டும். ஐசிசி அப்படிப்பட்டதில்லை, சில நாடுகள் கூடிப் போட்ட ஒப்பந்தம். இரண்டு பேர் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டு மூன்றாமவருக்கு இருந்த உரிமையை எடுத்துவிட முடியுமா என்ற கேள்விக்கு 2019 முடிவு முழுத் திருப்தி தரும் பதில் சொல்லவில்லை. ஆனாலும் உறுப்பு நாடுகளைப் பொறுத்தவரை அதுதான் நடப்புச் சட்டம், பிடிக்காவிட்டாலும் கட்டுப்பட வேண்டியவர்கள் அவர்கள். 2024 நவம்பரில் பிரான்ஸ், இஸ்ரேல் உறுப்பினர் இல்லாததால் நெதன்யாகுவுக்கு விலக்குரிமை உண்டு என்று அறிவித்தது. புதின் விஷயத்தில் பாரிஸிலிருந்து அந்த வாதம் வந்ததில்லை. சட்டத்தில் நிஜமாகவே ஓட்டை இருக்கிறது, ஆனால் அந்த ஓட்டை யாருக்காகக் கண்ணில் படுகிறது என்பது அரசியல்.

## போலீஸ் இல்லாத நீதிமன்றம்

ஐசிசியிடம் ஒரு போலீஸ்காரர்கூட இல்லை. கைது செய்து ஒப்படைப்பது உறுப்பு நாடுகளின் கடமை. ஆள் இல்லாமல் விசாரணை நடத்தவும் சாசனம் அனுமதிக்காது. உகாண்டாவின் கிளர்ச்சிப் படைத் தலைவர் ஜோசஃப் கோனி விஷயத்தில் 2025 செப்டம்பரில் நடந்தது, ஆள் இல்லாமலே குற்றச்சாட்டுகளைச் சரிபார்க்கும் கட்டம் மட்டும். விசாரணைக்கு அவர் வந்தாக வேண்டும்.

கடமை தவறினால் என்ன தண்டனை? நீதிபதிகள் "தவறிவிட்டது" என்று எழுதி, உறுப்பு நாடுகளின் பேரவைக்கு அனுப்புவார்கள். அபராதம் கிடையாது. 2024 செப்டம்பரில் புதினை வரவேற்ற மங்கோலியா, 2025 ஏப்ரலில் நெதன்யாகுவை வரவேற்ற ஹங்கேரி இரண்டைப் பற்றியும் அப்படி எழுதப்பட்டுவிட்டது. எரிபொருளுக்கு ரஷ்யாவை நம்பி, ரஷ்யாவுக்கும் சீனாவுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் மங்கோலியாவின் நிலைமையாவது புரிகிறது. 2025 ஜனவரியில் இத்தாலி, வாரண்ட்டின்படி தானே கைது செய்த லிபிய அதிகாரி ஒருவரை நடைமுறைக் கோளாறு என்று சொல்லி விடுவித்து, அரசு விமானத்திலேயே திரிப்போலிக்கு அனுப்பிவைத்தது. ரோம் சாசனத்துக்குப் பெயர் கொடுத்த ஊரின் அரசு செய்த வேலை இது.

அப்படியானால் வாரண்ட்டுக்குப் பலம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் அந்தந்த நாட்டின் உள்ளூர்ச் சட்டத்திலிருந்து. தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். 2015 ஜூனில் அல்-பஷீர் அங்கே வந்தபோது, அவரை வெளியே விடக்கூடாது என்று பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது, வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே அவர் ராணுவ விமானத்தளம் வழியாகப் பறந்துவிட்டார். அரசு செய்தது சட்டவிரோதம் என்று அடுத்த ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொன்னது, ஏனென்றால் ரோம் சாசனத்தைத் தென்னாப்பிரிக்கா தன் சொந்தச் சட்டமாகவே இயற்றி வைத்திருந்தது. 2023இல் பிரிக்ஸ் மாநாட்டுக்குப் புதின் வரவேண்டியிருந்தபோது இந்தப் பழைய அவமானம் வேலை செய்தது. எதிர்க்கட்சி முன்கூட்டியே நீதிமன்றம் போனது, அரசு நெளிந்தது, கடைசியில் புதின் வரவில்லை, காணொளியில் பேசினார். கைது நடக்கவில்லை, ஆனால் வாரண்ட் ஒன்றும் சும்மா கிடக்கவும் இல்லை.

## எதிர்த்தாக்குதல்: தடைகளும் விலகல்களும்

ஐசிசியைப் பலவீனமாக்க இப்போது இரண்டு வழிகள் கையாளப்படுகின்றன.

முதலாவது, ஆட்களைக் குறிவைப்பது. 2025 பிப்ரவரி 6 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட ஆணையின்படி ஐசிசி வழக்குத் தொடுநர் கரீம் கான்மீது தடை வந்தது, ஜூனில் நான்கு நீதிபதிகள்மீது, ஆகஸ்டில் மேலும் சிலர்மீது. தடை என்றால் அமெரிக்காவுக்குப் போக முடியாது என்பதோடு நிற்காது. அங்குள்ள சொத்து முடக்கம், அமெரிக்க நிறுவனங்கள் எந்தச் சேவையும் தரக்கூடாது. வங்கி, கடன் அட்டை, மின்னஞ்சல் என்று அன்றாட வாழ்க்கையில் எத்தனை அமெரிக்க நிறுவனங்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் இதன் கனம் தெரியும். 2020லும் இதே வேலை நடந்தது, 2021இல் பைடன் நீக்கினார். அதற்கும் முன்பு, 2002லேயே, ஐசிசி பிடித்துவைத்த அமெரிக்கரை மீட்கத் தேவையான எந்த வழியையும் அதிபர் பயன்படுத்தலாம் என்று சட்டம் இயற்றினார்கள். "ஹேக் படையெடுப்புச் சட்டம்" என்று அதற்கு ஒரு கேலிப் பெயர் உண்டு. ரஷ்யாவும் தன் பங்குக்குக் கரீம் கானைத் தேடப்படுவோர் பட்டியலில் போட்டது.

இரண்டாவது, விலகல். புருண்டி 2017இல் போனது, பிலிப்பைன்ஸ் 2019இல். நெதன்யாகு வந்து இறங்கிய அன்றே விலகப்போவதாக ஹங்கேரி அறிவித்தது. 2025 செப்டம்பரில் மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் மூன்றும் சேர்ந்து அறிவித்தன. சாசனத்தின் 127ஆம் பிரிவுப்படி அதிகாரபூர்வமாகக் கடிதம் கொடுத்து ஒரு வருடம் கழித்துத்தான் விலகல் செல்லுபடியாகும், அதுவரை எல்லாக் கடமைகளும் அப்படியே இருக்கும். உறுப்பினராக இருந்த காலத்தில் நடந்தவை பற்றிய கணக்கும் மூடப்படாது.

இந்தக் கடைசி வரி சின்னதாகத் தெரியும். அது எவ்வளவு பெரியது என்று கண்டுகொண்டவர் பிலிப்பைன்ஸின் முன்னாள் அதிபர் ரொட்ரிகோ டுட்டெர்த்தே.

## கைது உண்மையில் எப்போது நடக்கிறது

பழைய வழக்குகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒரு தடம் தெரிகிறது.

1. மிலோசெவிச் 1999இல் குற்றம் சாட்டப்பட்டார். 2000இல் பதவி இழந்தார். 2001 ஜூனில் அவர் நாட்டின் புதிய ஆட்சியே ஹேக்குக்கு அனுப்பியது.
2. லைபீரிய அதிபராக இருந்த சார்லஸ் டெய்லர்மீதான குற்றப்பத்திரிகை 2003இல் வெளியானது, 2006இல் பிடிபட்டார், 2012இல் 50 ஆண்டுச் சிறை.
3. போஸ்னிய செர்பியப் படைத் தளபதி ராட்கோ மிளாடிச்மீது குற்றச்சாட்டு 1995இல், கைது 2011இல். ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர வேண்டுமென்றால் அவரைக் கொடுத்தாக வேண்டும் என்ற நிலை செர்பியாவுக்கு வந்த பிறகு.
4. டார்ஃபூர் வழக்கில் ஆயுதக் குழுத் தளபதி அலி குஷைப்மீது வாரண்ட் 2007இல். சூடானில் பஷீர் ஆட்சி விழுந்த பிறகு, 2020இல் தானே சரணடைந்தார். 2025 அக்டோபரில் குற்றவாளி என்று தீர்ப்பு.

வாரண்ட்டுக்குக் காலாவதித் தேதி கிடையாது, ஆட்சிகளுக்கு உண்டு. யாரும் வெளியிலிருந்து படை அனுப்பிப் பிடிக்கவில்லை, உள்ளூரில் யாருக்கோ அவரைக் காப்பாற்றுவதைவிடக் கொடுத்துவிடுவது லாபம் என்று ஆன நாளில் கைது நடந்தது. இது நீதியா, அரசியலா என்று கேட்டால் இரண்டும்தான்.

டுட்டெர்த்தே கதையும் இதே அச்சு. போதைப்பொருளுக்கு எதிரான போர் என்ற பெயரில் நடந்த கொலைகள் பற்றி ஐசிசி வழக்குத் தொடுநர் 2018 பிப்ரவரியில் முதற்கட்ட ஆய்வைத் தொடங்கினார். அடுத்த மாதமே பிலிப்பைன்ஸ் விலகல் கடிதம் கொடுத்தது, 2019 மார்ச் 17 முதல் அது உறுப்பினர் இல்லை. கதவை நேரத்தோடு சாத்திவிட்டோம் என்று அவர் தரப்பு நினைத்தது. நீதிமன்றம் தன் விசாரணைக் காலத்தை 2011 நவம்பர் 1 முதல் 2019 மார்ச் 16 வரை, அதாவது நாடு உறுப்பினராக இருந்த கடைசி நாள் வரை என்று வகுத்துக்கொண்டது. அடுத்து வந்த அதிபர் மார்க்கோஸ் முதலில் ஐசிசியோடு ஒத்துழைக்க மாட்டோம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். டுட்டெர்த்தேயின் மகள் சாராதான் மார்க்கோஸின் துணை அதிபர், இரண்டு குடும்பங்களும் கூட்டணி. பிறகு கூட்டணி உடைந்து வெளிப்படையான பகையானது.

2025 மார்ச் 7 அன்று வாரண்ட் பிறப்பிக்கப்பட்டது, இன்டர்போல் வழியாக மணிலாவுக்குப் போனது. மார்ச் 11 அன்று ஹாங்காங்கிலிருந்து திரும்பிய டுட்டெர்த்தேயை விமான நிலையத்திலேயே கைது செய்து, அன்றிரவே தனி விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். உள்ளூர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்க அவர் வக்கீல்களுக்கு நேரமே இல்லை. உறுப்பினரே இல்லாத நாட்டின்மீது ஐசிசிக்கு அதிகாரம் கிடையாது என்ற அவர்கள் வாதத்தை நீதிபதிகள் 2025 அக்டோபரில் நிராகரித்தார்கள். விலகல் செல்லுபடியாகி அவர் விமானம் ஏறிய நாள்வரை கணக்குப் போட்டால், ஆறு வருடத்துக்கு ஆறு நாள் குறைவு.